ஒரு சொல், இரு பொருள்: தரவுத்தள மொழியில் ஒரு பிழையும் அதன் திருத்தமும்

(இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல், கணினி அறிவியல்)

முன்னுரை

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளும் ஒரு மொழியே. மொழி என்றால் இலக்கணம் உண்டு. இலக்கணம் உள்ள இடத்தில் பொருள் மயக்கமும் உண்டு. நன்னூலார் சொற்களை வகைப்படுத்துங்கால் தனிமொழி, தொடர்மொழி என்னும் இரண்டோடு நில்லாமல், பொதுமொழி என்று மூன்றாவது ஒன்றையும் கூறினார். ‘எட்டு’ என்பது ஓர் எண்ணின் பெயர். அதுவே ‘எள் + து’ எனப் பிரிந்தால் ‘எள்ளை உண்’ என்னும் தொடராகிவிடும். இரண்டில் எது என்பதை முன்பின் வரும் சொற்களைக் கொண்டே நாம் முடிவு செய்கிறோம்.

மனிதன் இதனை எளிதில் செய்துவிடுகிறான். பொறி எவ்வாறு செய்யும்? அது தவறாகப் பொருள் கொண்டால் என்ன நேரும்? அத்தவற்றை எவ்விடத்தில் திருத்த வேண்டும்? இவ்வினாக்களுக்கு, உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள ஒரு தரவுத்தள மென்பொருளில் உண்மையாக இருந்த ஒரு பிழையைக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவுத்தளமும் அதன் நடைமுறை மொழியும்

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத் திட்டம் 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கப்பெற்றது. இவரே பின்னர் 2014ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசைப் பெற்றவர். 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் அதற்கு எஸ்கியூஎல் மொழியைக் கற்பித்தனர். 1996இல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் பெற்றது. இதன் மூல நிரல் முழுவதும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. எவரும் கட்டணமின்றிப் பெற்றுப் படிக்கலாம், திருத்தலாம்.

எஸ்கியூஎல் என்பது ‘என்ன வேண்டும்’ என்று கேட்கும் மொழி. ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய், பத்து முறை திரும்பச் செய்’ என்று வழிமுறை கூற அதனால் எளிதில் இயலாது. அக்குறையைப் போக்க 1998இல் வெளிவந்த 6.4ஆம் பதிப்பில் யான் வீக் என்பவர் உருவாக்கிய பிஎல்-பிஜிஎஸ்கியூஎல் என்னும் நடைமுறை மொழி சேர்க்கப்பட்டது. இதில் மாறிகள் உண்டு, நிபந்தனைகள் உண்டு, சுழற்சிகள் உண்டு. இவற்றினிடையே எஸ்கியூஎல் கட்டளைகளை அப்படியே எழுதவும் இடமுண்டு. வசதி இதில்தான் இருக்கிறது. சிக்கல் பிறப்பதும் இதிலேயே.

இக்கட்டுரையில் கட்டளைச் சொற்களைத் தமிழ் ஒலியிலேயே எழுதியுள்ளேன். அட்டவணை, நெடுவரிசை, மாறி ஆகியவற்றின் பெயர்களைத் தமிழெழுத்தில் எழுதுவது வெறும் வசதிக்காக அன்று. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆங்கிலமல்லாத எழுத்துகளையும் பெயர்களாக ஏற்கும். ஆகவே ‘மதிப்பெண்’ என்றே ஓர் அட்டவணைக்குப் பெயரிட முடியும்.

பார்சர் செய்யும் பணி

நாம் எழுதிய நிரலைப் பொறி இரு கட்டங்களில் படிக்கிறது. முதற் கட்டம் ஸ்கேனருடையது. அது எழுத்துகளைச் சேர்த்துச் சொற்களாக்குகிறது. இச்சொற்களை டோக்கன் என்பர். இரண்டாம் கட்டம் பார்சருடையது. அது டோக்கன்களை இலக்கண விதிகளோடு பொருத்தி வாக்கியமாக்குகிறது. தமிழில் பதம் பிரித்தலையும் தொடரிலக்கணத்தையும் இவற்றுக்கு ஒப்பிடலாம்.

பார்சரைக் கையால் எழுதுவது கடினம். 1970களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் ‘யாக்’ என்னும் கருவியை அமைத்தார். இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால் அது பார்சரின் நிரலைத் தானே ஆக்கித் தரும். அதன் வழிவந்ததே பைசன். பிஎல்-பிஜிஎஸ்கியூஎல் மொழியின் பார்சரும் பைசனைக் கொண்டே ஆக்கப்படுகிறது. இவ்வகைப் பார்சர் பொதுவாக அடுத்து வரும் ஒரே ஒரு டோக்கனைப் பார்த்து முடிவெடுக்கும். தொலைவில் என்ன வரும் என்று எட்டிப் பார்க்காது.

முதற் கட்டத்திலேயே எவ்வளவு நுட்பம் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு சிறு சான்று காண்போம். ஒன்று முதல் பத்து வரை சுழல வேண்டுமானால் ‘1..10’ என்று எழுத வேண்டும். ஸ்கேனர் இயன்றவரை நீளமாகப் படிக்கும் இயல்புடையது. ‘1.’ என்பது அதற்கு ஒரு முறையான தசம எண். ‘.10’ என்பதும் அவ்வாறே. ஆகவே ‘1.’ என்றும் ‘.10’ என்றும் பிரித்து, இடையில் ‘வரை’ என்னும் பொருளே இல்லாமற் செய்துவிடக்கூடும். இதனைத் தடுக்கத் தனி விதி ஒன்று உள்ளது. ஓர் எண்ணைத் தொடர்ந்து இரு புள்ளிகள் வந்தால், அவ்விரு புள்ளிகளையும் திருப்பித் தந்துவிட்டு முன்னுள்ளதை முழு எண்ணாகக் கொள் என்பதே அவ்விதி. இரு புள்ளிகளுக்கு இவ்வளவு கவனம் என்றால் சொற்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு வீட்டில் இரு பார்சர்கள்

இனிச் சிக்கலின் வேருக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இரு பார்சர்கள் உள்ளன. ஒன்று எஸ்கியூஎல் இலக்கணம் முழுவதையும் அறிந்த முதன்மைப் பார்சர். மற்றொன்று நடைமுறை மொழியின் பார்சர். இரண்டாவது தன் சொந்த வாக்கியங்களை மட்டுமே நன்கு அறியும். நடுவே ஓர் எஸ்கியூஎல் கட்டளை வந்தால், அரைப்புள்ளி வரும் வரை உள்ள பகுதியை வெட்டியெடுத்து முதன்மைப் பார்சரிடம் ஒப்படைக்கும். எஸ்கியூஎல் இலக்கணம் முழுவதையும் இரண்டு இடங்களில் எழுதி வைப்பது வீண் வேலை என்பதால் இவ்வேற்பாடு அறிவுடையதே.

ஆனால் அவ்வெட்டுப் பகுதிக்குள் நடைமுறை மொழியின் மாறிகளும் கலந்திருக்கும். ‘பதிவெண்’ என்று ஒரு சொல் வருகிறது. அது செயற்கூற்றின் மாறியா? அட்டவணையின் நெடுவரிசையா? இதனை முடிவு செய்ய வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு 2010 வரை தரப்பட்டிருந்த விடை பிழையானது.

பிழை யாது?

9.0ஆம் பதிப்புக்கு முன்பு, இம்முடிவை எடுத்தது நடைமுறை மொழியின் ஸ்கேனரே. கட்டளையை வெட்டியெடுக்கும்போது, மாறியின் பெயரோடு ஒத்த சொல் எங்கே கண்ணில் பட்டாலும் அதை நீக்கிவிட்டு ‘$1’, ‘$2’ என்று எண்ணிட்ட குறியை வைத்துவிடும். இவ்வாறு குறியிடுவதில் ஒரு நன்மை உண்டு. கட்டளையை ஒரு முறை ஆயத்தம் செய்து வைத்துக்கொண்டு, குறியின் மதிப்பை மட்டும் மாற்றிப் பலமுறை இயக்கலாம். ஆனால் அச்சொல் வாக்கியத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பாராமலேயே மாற்றிவிட்டது. இதுவே குறை.

இதன் விளைவு இரு வகைப்பட்டது.

முதல் வகை, புரியாத பிழைச் செய்தி. ‘பெயர்’ என்று ஒரு மாறி இருக்கிறது. பின்வருமாறு கட்டளை எழுதுகிறோம்:

இன்சர்ட் இன்டூ மாணவர் (பெயர்) வேல்யூஸ் (பெயர்);

முதல் அடைப்புக்குள் இருப்பது நெடுவரிசையின் பெயராக மட்டுமே இருக்க முடியும். இரண்டாவது நம் மாறி. மனிதர் எவரும் இதில் தடுமாற மாட்டார். ஆனால் ஸ்கேனர் இரண்டையும் ‘$1’ ஆக்கிவிடும். முதன்மைப் பார்சருக்குப் போய்ச் சேர்வது ‘மாணவர் ($1)’ என்பதே. நெடுவரிசைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறி நிற்பதைக் கண்டு, ‘$1’ அருகில் இலக்கணப் பிழை என்று அது கூறும். நிரலை எழுதியவரோ ‘$1’ என்று எங்குமே எழுதவில்லை! தாம் எழுதாத ஒரு சொல்லில் பிழை என்றால், அவர் அதை எங்கே போய்த் தேடுவார்?

இரண்டாம் வகை இதனினும் கொடியது. அதில் பிழைச் செய்தியே வராது. ஒரு மாணவரின் பதிவை நீக்கும் செயற்கூறு ஒன்றை எழுதுவோம். அதற்கு ‘பதிவெண்’ என்னும் அளபுருவைத் தருவோம். உள்ளே:

டெலீட் ஃப்ரம் மதிப்பெண் வேர் பதிவெண் = பதிவெண்;

எழுதியவர் கருதியது, நெடுவரிசையிலுள்ள பதிவெண் நான் கொடுத்த பதிவெண்ணுக்குச் சமமாக உள்ள வரிசையை நீக்கு என்பது. பழைய முறையில் இரண்டுமே மாறியாகிவிடும். ‘$1 = $1’ என்பதே நிபந்தனை. ஒரு மதிப்பு தனக்குத் தானே எப்போதும் சமம் அல்லவா? ஆகவே எந்தப் பதிவெண்ணைக் கொடுத்தாலும் நிபந்தனை உண்மையே. விளைவாக அட்டவணையில் உள்ள அனைத்து மாணவரின் மதிப்பெண்ணும் அழிந்துவிடும். அளபுருவுக்கு மதிப்பே தரப்படாத வெற்று நிலையில் மட்டும், வெற்று மதிப்பு வெற்று மதிப்புக்குச் சமம் என்று தரவுத்தளம் கொள்வதில்லை ஆதலால், ஒரு வரிசையும் அழியாது.

இலக்கணம் சரியாகவே இருக்கிறது. கட்டளை வெற்றியுடன் முடிந்தது என்றே பொறி சொல்லும். பிழை என்று கத்துகின்ற பொறியை நாம் நம்பலாம். தவறான வேலையைச் செய்துவிட்டு அமைதியாக இருக்கும் பொறியைக் குறித்தே அஞ்ச வேண்டும். ஒரு பதிவேட்டின் பின்னால் மனிதர்களின் தேர்ச்சி, ஊதியம், உதவித்தொகை ஆகியவை இருக்கின்றன என்பதை நினைத்தால் இவ்வச்சம் மிகையன்று என்பது விளங்கும்.

திருத்தம் எங்கே செய்யப்பட்டது?

இதனைத் திருத்த ஓர் எளிய வழி உண்டு. ‘இன்சர்ட் கட்டளையின் முதல் அடைப்புக்குள் மாறியைத் தேடாதே’ என்று ஸ்கேனருக்கு ஒரு விதிவிலக்குச் சேர்க்கலாம். ஆனால் மாற்றுப்பெயர் தரும் இடம், அட்டவணைப் பெயர் வரும் இடம் என்று விதிவிலக்குகள் பெருகிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் சேர்த்தால் முழு எஸ்கியூஎல் இலக்கணத்தையும் ஸ்கேனருக்குள் எழுதியது போல் ஆகிவிடும். மேலும், டெலீட் கட்டளையின் சிக்கல் அதனாலும் தீராது. ‘மதிப்பெண்’ அட்டவணையில் ‘பதிவெண்’ என்னும் நெடுவரிசை உண்டா இல்லையா என்பது தரவுத்தளத்தின் உள்ளே சென்று பார்த்தாலன்றித் தெரியாது.

ஆகவே 2009இல் டாம் லேன் என்னும் முதன்மை நிரலாளர் வேறு வழியில் சென்றார். முடிவெடுக்கும் உரிமையையே இடம் மாற்றினார். நடைமுறை மொழியின் பழைய தனி ஸ்கேனர் நீக்கப்பட்டது. முதன்மைப் பார்சர் பயன்படுத்தும் அதே ஸ்கேனரே இதற்கும் பொதுவாக்கப்பட்டது. கட்டளைக்குள் உள்ள பெயர்கள் மாற்றப்படாமல் எழுதியவாறே முதன்மைப் பார்சருக்குச் சென்றன. அங்கே இரு கொக்கிகள் அமைக்கப்பட்டன. நிரலாளர் ஹுக் என்று கூறுவது இதனையே. முதன்மைப் பார்சர் ஒரு பெயருக்குப் பொருள் காணும் முன்பு ஒரு முறையும், நெடுவரிசைகளில் தேடிய பின்பு ஒரு முறையும் நடைமுறை மொழியிடம், ‘இப்பெயர் உன்னுடையதா?’ என்று கேட்கும்.

இதனால் விளைந்த பயன்களைக் காண்போம். நெடுவரிசைப் பெயர் மட்டுமே வரக்கூடிய இடத்தில் இக்கேள்வியே எழாது. ஆகவே முன் கண்ட இன்சர்ட் கட்டளை இப்போது எழுதியவாறே நன்கு இயங்கும். டெலீட் கட்டளையிலோ, பெயர் நெடுவரிசைக்கும் பொருந்துகிறது, மாறிக்கும் பொருந்துகிறது. இவ்வாறு இரண்டும் பொருந்தினால் ஊகம் செய்யாமல் நின்றுவிட வேண்டும் என்பதே இயல்பான ஏற்பாடாக்கப்பட்டது. இப்பெயர் மாறியையும் குறிக்கலாம், நெடுவரிசையையும் குறிக்கலாம், ஆகவே பொருள் ஐயத்திற்குரியது என்று செய்தி வரும். செயற்கூறு அக்கட்டளையை முதன்முறை இயக்கும்போது, ஒரு வரிசையைக்கூடத் தொடும் முன்பே இது நிகழ்கிறது. அமைதியாக அழித்த பொறி, இப்போது அழிக்குமுன் நிறுத்திக் கேட்கிறது.

திருத்தத்தின் விலை

எந்தத் திருத்தத்திற்கும் ஒரு விலை உண்டு. 2010 செப்டம்பரில் 9.0 வெளிவந்தபோது, பழைய முறையையே நம்பி எழுதப்பட்டு, தற்செயலாகச் சரியாக ஓடிக்கொண்டிருந்த செயற்கூறுகள் பிழைச் செய்தி தந்து நிற்க நேர்ந்தது. இரு பார்சர்களும் நெருங்கி வந்ததன் விளைவாக, எஸ்கியூஎல் தனக்கென ஒதுக்கி வைத்துள்ள சில சொற்களை மாறிப் பெயர்களாக இடும் உரிமையும் போயிற்று. ஆகவேதான் இம்மாற்றம் பெரும்பதிப்பு ஒன்றில் செய்யப்பட்டது. பயன்படுத்துவோர் அறிவிப்பைப் படித்து ஆயத்தமாகவே பெரும்பதிப்புக்கு மாறுவர். பிழைதிருத்தத்திற்காக மட்டும் அவ்வப்போது வரும் சிறுபதிப்பில் இத்தகைய மாற்றத்தைப் புகுத்துவது முறையன்று.

பழையவர்களுக்கு ஒரு வழியும் விடப்பட்டது. ‘வேரியபிள் கான்ஃப்ளிக்ட்’ என்னும் அமைப்பில் மூன்று நிலைகள் உண்டு. ஒன்று, ஐயம் வந்தால் பிழை கூறு. இரண்டு, மாறியையே கொள். இது போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் பழைய வழக்கம். மூன்று, நெடுவரிசையையே கொள். இது ஆரக்கிள் தரவுத்தளத்தின் வழக்கம். அங்கிருந்து வருவோர்க்கு இது உதவும். எதனையும் குறிப்பிடாவிட்டால் முதல் நிலையே நிற்கும். பாதுகாப்பானது எதுவோ அதுவே இயல்பானதாக இருக்க வேண்டும் என்னும் நெறி இங்குக் கவனிக்கத்தக்கது.

நிரல் எழுதும் மாணவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. பெயர்களை அடைமொழியோடு எழுதினால் ஐயத்திற்கே இடமில்லை. செயற்கூற்றின் பெயர் ‘நீக்கு’ என்றால், மாறியை ‘நீக்கு.பதிவெண்’ என்றும், நெடுவரிசையை ‘மதிப்பெண்.பதிவெண்’ என்றும் எழுதலாம். மாறிகளுக்குத் தனி முன்னொட்டுத் தரும் பழக்கமும் நன்றே.

தீராத சிக்கல்: ‘இன்டூ’ என்னும் சொல்

எல்லாப் பிழைகளையும் இவ்வாறு வேரோடு திருத்த முடிவதில்லை. அதற்கு எடுத்துக்காட்டு ‘இன்டூ’ என்னும் சொல்.

நடைமுறை மொழியில், கிடைத்த விடையை மாறியில் வை என்று சொல்ல ‘இன்டூ’ பயன்படும்.

செலெக்ட் பெயர் இன்டூ விடை ஃப்ரம் மாணவர் வேர் பதிவெண் = 25;

இங்கே ‘விடை’ என்பது மாறி. இப்பகுதி முதன்மைப் பார்சருக்கு உரியதன்று. ஆகவே நடைமுறை மொழியின் பார்சர் ‘இன்டூ விடை’ என்பதைக் கட்டளையிலிருந்து எடுத்துவிட்டு மீதியை அனுப்ப வேண்டும். எடுத்த இடத்தில் அதே நீளத்திற்கு வெற்றிடங்களை நிரப்பி அனுப்புகிறது. பின்னால் வேறு பிழை ஏதேனும் இருந்தால், அது எத்தனையாவது எழுத்தில் உள்ளது என்ற கணக்கு மாறாதிருக்கவே இந்த ஏற்பாடு. தாம் எழுதிய இடத்திலேயே பிழை சுட்டப்பட வேண்டும் என்று நிரலாளர் எதிர்பார்ப்பது நியாயம். ‘$1’ செய்தியால் பட்ட துன்பத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க.

ஆனால் ‘இன்சர்ட் இன்டூ மாணவர்’ என்பதில் உள்ள ‘இன்டூ’ எஸ்கியூஎல்லின் சொந்தச் சொல். அதை எடுத்துவிட்டால் கட்டளை சிதைந்துவிடும். ஆகவே ‘இன்டூ’வுக்கு முந்திய டோக்கன் ‘இன்சர்ட்’ எனில் அதைத் தொடாதே என்பது முதல் விதிவிலக்கு.

2016 ஜனவரியில் வந்த 9.5ஆம் பதிப்பில் ‘இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா’ என்னும் புதுக் கட்டளை சேர்ந்தது. வேறொரு தரவுத்தளத்திலுள்ள அட்டவணைகளின் அமைப்பை இங்கே கொண்டுவருவது இதன் பணி. அதன் முடிவிலும் ஓர் ‘இன்டூ’ உண்டு. செயற்கூற்றுக்குள் அதை எழுதினால், நடைமுறை மொழியின் பார்சர் அதன்பின் வரும் பெயரை மாறி என்று எண்ணித் தேடி, அப்படி ஒரு மாறியை அறியேன் என்று கூறிவிட்டது. முதல் விதிவிலக்கு இங்கே உதவாது. ஏனெனில் இந்த ‘இன்டூ’வுக்கு முன்னால் நிற்பது ஏதோ ஒரு சர்வரின் பெயர். அது ஊருக்கு ஊர் மாறும். ஆகவே கட்டளையின் முதற் சொல் ‘இம்போர்ட்’ எனில் தொடாதே என்று வேறுவகை விதிவிலக்குச் சேர்க்கப்பட்டது. பார்சர் முந்திய சொல்லை மட்டுமன்றி முதற் சொல்லையும் நினைவில் வைக்க வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் 15ஆம் பதிப்பில் ‘மெர்ஜ் இன்டூ’ வந்தபோது மூன்றாவது விதிவிலக்கு வந்தது.

இங்கே முடிவெடுக்கும் உரிமையை முதன்மைப் பார்சருக்கு மாற்ற இயலவில்லை. கட்டளை அங்கே செல்வதற்கு முன்பே ‘இன்டூ’ பிரிக்கப்பட்டாக வேண்டும். அதனால் மூல நிரலில் அவ்விடத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்கியூஎல்லில் ‘இன்டூ’ புதிதாக வேறெங்கேனும் வந்தால் இத்தர்க்கம் மீண்டும் உடையும், எச்சரிக்கை என்பது அதன் கருத்து. ‘இன்டூ’வைக் கட்டளையின் எவ்விடத்திலும் எழுதப் பார்சர் இன்று பெரும்பாலும் இசைந்தாலும், வழக்கமான இடத்திலேயே எழுதுக, பிற்காலத்தில் பார்சர் கண்டிப்பாகக்கூடும் என்று பயன்படுத்துவோர்க்கான விளக்க நூலும் அறிவுறுத்துகிறது. தீர்க்க முடியாத குறையை மறைக்காமல், அடுத்து வருபவன் காணுமிடத்தில் எழுதி வைப்பதும் ஒருவகைத் திருத்தமே எனலாம்.

திருத்துவோர் கைக்கொள்ளும் முறை

இத்தகைய பிழையைத் திருத்தும் வேலை படிப்படியானது.

முதலாவது, பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டுதல். நூறு வரிச் செயற்கூற்றில் பிழை வந்தால், வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, இனி ஒரு வரியை நீக்கினாலும் பிழை மறைந்துவிடும் என்னும் அளவுக்குச் சுருக்க வேண்டும். பெரும்பாலும் ஐந்தாறு வரிகளில் வந்து நிற்கும்.

இரண்டாவது, பிழை தெரியும் இடத்தையும் பிழை பிறக்கும் இடத்தையும் பிரித்தறிதல். ‘$1’ பிழையைச் சொன்னது முதன்மைப் பார்சர். செய்தது ஸ்கேனர். நோய் நாடி நோய் முதல் நாடும் மருத்துவனின் வேலை இதுவே.

மூன்றாவது, இலக்கணக் கோப்பை மாற்றுதல். பைசன் ஆக்கித் தந்த சி நிரலைத் திருத்திப் பயனில்லை. அடுத்த முறை பைசனை இயக்கும்போது அத்திருத்தம் அழிந்துவிடும். மூலமான இலக்கணக் கோப்பையே திருத்த வேண்டும்.

நான்காவது, சோதனை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் மூல நிரலோடு சோதனைக் கட்டளைகள் அடங்கிய கோப்புகளும், அவற்றுக்கு வரவேண்டிய விடைகள் அடங்கிய கோப்புகளும் உள்ளன. திருத்தத்திற்குப் பின் எல்லாச் சோதனைகளையும் இயக்கி, வந்த விடையையும் வரவேண்டிய விடையையும் வரிக்கு வரி ஒப்பிடுவர். பிழையைக் காட்டிய அந்த ஐந்தாறு வரிகளையும் புதிய சோதனையாகச் சேர்ப்பர். நாளை வேறொருவர் வேறொன்றைத் திருத்தும்போது பழைய பிழை திரும்பி வந்தால் இச்சோதனை காட்டிக் கொடுத்துவிடும்.

ஐந்தாவது, பிறர் பார்வை. திருத்தியவர் காணாததை மற்றொருவர் காண்பார். மாற்றம் எப்பதிப்பில் சேர வேண்டும் என்பதும் அதன்பின்னரே முடிவாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ‘$1’ பிழையை உண்டாக்கிய ஸ்கேனர் தன் விதிப்படி சரியாகவே வேலை செய்தது. தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித் தானே முடிவெடுத்ததுதான் அதன் குற்றம். ஆகவே நல்ல திருத்தம் என்பது, முடிவை அறிந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதுவும் இயலாதபோது, ஐயத்தை ஊகத்தால் மூடாமல் வெளிப்படையாகச் சொல்வது. மாறிப் பெயர்ச் சிக்கலில் முதல் வழியும், ‘இன்டூ’ சிக்கலில் இரண்டாம் வழியும் கைக்கொள்ளப்பட்டன.

பாடநூலில் பார்சர் என்பது ஓர் அலகு, பத்து மதிப்பெண் வினா. ஆனால் அதே பார்சரின் உண்மையான மூல நிரலை இன்று நம் கல்லூரிக் கணினிக் கூடத்திலிருந்தே இலவசமாக எடுத்துப் படிக்க முடியும். அதன் ஒவ்வொரு விதிவிலக்குக்குப் பின்னும் ஒரு பிழையின் வரலாறு இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் தொகுப்பி வடிவமைப்பைப் படிக்கப்போகும் நண்பர்கள், பைசனின் இலக்கணக் கோப்பு ஒன்றைத் திறந்து, ‘இன்டூ’ வரும் அந்த ஒரு பகுதியையேனும் படித்துப் பார்ப்பார்களாக. பாடநூலின் விதிகள் எதற்காக எழுதப்பட்டன என்பது அங்கே கண்கூடாகத் தெரியும்.